மூக்கைப் பிடிக்கிற கை

எங்கள் மகள் அனுப்பிய அந்த வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் என் மனைவி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால், இடைவேளை விட்டு முறுக்கு விற்கிற அளவுக்கு நீளும்.

தெரிந்த பையன் ஒருவன் தண்ணீருக்குள் எடுத்ததாம்; அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கண்ணாடிபோலக் கடல். அடியில் பச்சைப் புல். ஒரு ஆமை மேய்ந்துகொண்டிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்க்கிறது. 'இவனா' என்பதுபோல மறுபடியும் குனிந்து மேய்கிறது. அவ்வளவுதான்.

மகள் கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவில் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு அங்கே வேலை கிடைத்த அன்று வரைபடத்தை விரித்து அந்தத் தீவைத் தேடினேன். மூக்குக்கண்ணாடியில் ஏதோ தூசி என்று துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. அதுதான் தீவு. லீவுக்கு எங்கள் இரண்டு பேரையும் அங்கே வரச்சொல்லி டிக்கெட் போட்டிருந்தாள்.

"அம்மா, இங்கன வந்தா ஆமைய நேர்லயே பாக்கலாம்" என்றாள் ஒருநாள் போனில். "மூஞ்சில ஒரு கண்ணாடி, வாயில ஒரு குழாய். தண்ணி மேல குப்புறப் படுத்துக்கிட்டு மிதந்தாப் போதும். ஸ்நார்க்கெலிங்னு பேரு. ஆனா ஒண்ணு, படகுக்காரரு ஒத்த ஆள எறக்க மாட்டாரு. ரெண்டு ரெண்டு பேராத்தான் எறங்கணும். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடணும்லா."

"நீ வாயேன் எங்கூட."

"எனக்குத்தான் காதுல ஆபரேஷன் பண்ணிருக்கே. தண்ணியே படக்கூடாதுன்னுட்டாவ."

போனுக்குள்ளிருந்து ஒரு முகமும் பக்கத்திலிருந்து ஒரு முகமும் என் பக்கம் திரும்பின. நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து, "இதுக்கு எண்ண போடணும்" என்றேன்.

என் மனைவி சேரன்மகாதேவிக்காரி. பாவாடை கட்டிய வயதில் அண்ணன்மாரோடு தாமிரபரணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தியவள். கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தபிறகு அவளுக்கு வாய்த்தது ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு கப்பும். இங்கேயும் அதே ஆறுதான் ஓடுகிறது. ஆனால் கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான் அல்லவா. அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. பட்டு கேட்டு எடுத்துக் கொடுத்ததும் இல்லை. அதை அவளே எடுத்துக்கொள்வாள். என்னால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்றை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. தண்ணீருக்குள் அவளுக்கு ஒரு ஜோடி வேண்டும். இந்த உலகத்தில் அதற்கு இருக்கிற ஒரே ஆள் நான்.

"ஆத்தங்கரையில பொறந்துட்டு நீச்ச தெரியாதா?" என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்தவனெல்லாம் மணி ஆட்டுகிறானா என்று நானும் திருப்பிக் கேட்பேன். ஆற்றில் குளித்திருக்கிறேன். அதற்கு எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போவதில்லை. இடது கையால் படித்துறையின் கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையின் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, சாமி பேரைச் சொல்லி, லபக்கென்று ஒரு முங்கு. வெளியே வந்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னொரு முங்கு. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் முங்குவது இப்படித்தான். மற்றவர்களுக்கு அது சின்ன வயதோடு போய்விடும். எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை, என் பிழைப்பே தண்ணீர்தான். மோட்டார் பம்பு விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். குழாய்க்குள் காற்று புகுந்தால் மோட்டார் சும்மா ஓடும், தண்ணீர் ஏறாது. காற்றை வெளியேற்றித் தண்ணீரை வரவைப்பதுதான் என் தொழில். இங்கே என்னவென்றால் அதே குழாயை என் வாயில் செருகி, தண்ணீர் வராமல் காற்று மட்டும் வரவேண்டும் என்கிறார்கள். தொழிலுக்கே துரோகம் இல்லையா?

சரி, ஆனது ஆகட்டும் என்று கண்ணாடியும் குழாயும் பார்சலில் வரவழைத்தேன். கடைக்குப் பின்னால் பம்புகளைச் சோதித்துப் பார்க்க ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்விக்கொண்டு, தொட்டி விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து முகத்தை உள்ளே விட்டேன். அடுத்த நொடி யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள்.

வாடிக்கையாய் வருகிற விவசாயி ஒருவர். பயத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"என்ன அண்ணாச்சி இது! வீட்டுல எதும் சடவா? எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்லா. அதுக்குன்னு இந்தத் தொட்டியில போயா?"

நான் குழாயைத் துப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தொட்டியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமையப் பாக்கதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போறீய? எங்க கெணத்துல ரெண்டு கெடக்கு. வெறுங்கண்ணாலயே தெரியும். மதினியையும் கூட்டிட்டு வாங்க, மோர் தாரேன்."

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பயிற்சியைச் சேரன்மகாதேவி ஆற்றுக்கு மாற்றினோம். பயிற்சியாளர் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். வயலும் மாடும் வைத்திருப்பவர். மாட்டைத் தண்ணீரில் இறக்குகிற அனுபவம் என் விஷயத்தில் உதவும் என்று என் மனைவி நினைத்திருக்கலாம். அவள் மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். கீழ்ப்படிகளில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியை மாட்டியதுமே ஒரு பெண் துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏ யக்கா, ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சில என்னத்த மாட்டிருக்காவ? வெல்டிங் பட்டறைக்கா போறாவ?"

"ஆமையப் பாக்கப் போறாவ" என்றாள் என் மனைவி பெருமையாக.

"இங்கனயா?"

"இங்கன இல்ல. வெளிநாட்டுல."

"அதுக்கு இங்கனயே மாட்டிட்டா கெளம்புறாவ?"

நான் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். குழாய் வழியாக மூச்சும் வந்தது. அட, இவ்வளவுதானா என்று நினைத்த நேரத்தில் கண்ணாடிக்குள் சரசரவென்று தண்ணீர் ஏறியது. பதறி எழுந்தேன். கண்ணாடி ஓட்டை, பணத்தைத் திருப்பி வாங்கவேண்டும் என்று கத்தினேன். மச்சான் கண்ணாடியை வாங்கி அங்குலம் அங்குலமாய்ப் பார்த்தார். பழுது இல்லை. இன்னொரு தடவை முகத்தை விட்டேன். மறுபடியும் தண்ணீர்.

"மாப்ள, மூக்க விடும்" என்றார் மச்சான்.

"விட்டுத்தான மச்சான் இருக்கேன்."

"அப்பொ அங்கன இருக்கது யாரு கை?"

என் கைதான். முகம் தண்ணீரைத் தொட்டதும் வலது கை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மேலே ஏறி வந்து மூக்கைப் பிடிக்கப் பார்த்திருக்கிறது. அந்தக் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும். வெளியே நின்று தடவிவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பெருவிரல் ரப்பர் விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மூக்கைத் தேடியிருக்கிறது. அந்த வழியாகத்தான் தாமிரபரணி உள்ளே வந்தாள்.

தெரிந்துவிட்டது அல்லவா, இனிமேல் தூக்க மாட்டேன் என்றேன். தூக்கினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முகம் நனைந்ததும் கட்டு அவிழ்ந்து அது மேலே வந்தது. பையில் விடலாம் என்றால் டவுசரில் பை இல்லை. இடது கை மட்டும் பரம சாதுவாய்க் கிடந்தது. பிறந்ததிலிருந்து வாய்ப் பக்கமும் மூக்குப் பக்கமும் வராதே என்று அடித்து வளர்த்த கை அது. முகத்துப் பக்கம் நடக்கிற எந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாக் கோளாறும் வலது கையால்தான். சோறு போடுகிற கை என்று செல்லம் கொடுத்து வளர்த்ததன் பலன்.

மச்சான் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என் வலது கையை இடுப்போடு சேர்த்து, கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல ஒரு சுருக்கு.

"இப்பொ படும் பாப்போம். பைய... பைய..."

பையத்தான் படுத்தேன். மூச்சு வந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் வரவில்லை. கீழே கூழாங்கல் தெரிந்தது. ஒரு சின்ன மீன்கூடத் தெரிந்தது. பெரிய ஆள்தான் நான் என்று நினைத்தேன். அப்போது தொடையில் ஏதோ வழவழவென்று உரசிக்கொண்டு போனது.

குழாயைக் கவ்விக்கொண்டு 'பாம்பு' என்று கத்தினால் என்ன சத்தம் வரும் என்று இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் முயன்று பார்க்கலாம். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெண்கள் துணியைப் போட்டுவிட்டுப் படியேறினார்கள். ஒரு சோப்புப் பெட்டி ஆற்றோடு போனது. கை கட்டப்பட்டிருந்ததால் நான் ஒற்றைக் கையால் படியை நோக்கித் துள்ளிப் பாய்ந்து, கவிழ்ந்து, எழுந்து, மச்சானின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டே குனிந்து, தண்ணீரில் அவிழ்ந்து மிதந்த துண்டின் முனையை எடுத்துக் காட்டினார்.

"இந்தா கெடக்கு ஒம்ம பாம்பு. ரெண்டு பக்கமும் கரை போட்டிருக்கு பாரும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வெல்டிங் பட்டறை கேட்ட பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க" என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வேறு வழி?

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவி ஈரத் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விடுங்க அத்தான். நான் வீடியோவுலயே பாத்துக்கிடுதேன். அதுவும் ஆமதான?"

அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். திட்டவில்லை. வெளியே வயல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே வந்தாள். அந்த நிமிடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தண்ணீர்ப் பயம் அதற்குப் பக்கத்திலேயே வராது.

விமானங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏறினோம், இறங்கினோம், ஏறினோம், இறங்கினோம். கடைசியாக ஏறியது நம் ஊர் மினிபஸ்ஸுக்கு இறக்கை வைத்ததுபோல இருந்தது. தீவில் இறங்கி வெளியே வந்ததும் நான் பார்த்த முதல் விஷயம், அந்த ஊரில் யாரும் யாரையும் வணக்கம் சொல்லாமல் கடந்து போவதில்லை என்பது. கடையில் சாமான் கேட்பதற்கு முன் ஒரு வணக்கம். வேனில் ஏறினால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரு வணக்கம். என் மனைவிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாம் நாளே தெருவில் பாதிப் பேருக்கு 'குட் மார்னிங்' சொல்லி, மீதிப் பேரிடம் எத்தனை பிள்ளைகள் என்றும் விசாரித்துவிட்டாள். என்ன மொழியில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடற்கரை மகளின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மணல் கோலமாவு மாதிரி இருந்தது. அவ்வளவு வெள்ளை, அவ்வளவு மெத்து. கடலின் நிறத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பொருட்காட்சிக் கடையில் அடுக்கியிருக்கும் கண்ணாடி வளையலில் ஒரு நீலம் உண்டே, அது. கரையோரம் ஒரு சாதி மரம் வளைந்து நிழல் கொடுத்தது. கோழிகள் மணலைக் கிளறிக்கொண்டு திரிந்தன. கடற்கரையில் கோழியைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு தெம்பு வந்தது. கோழி இருக்கிற இடத்தில் பெரிய ஆபத்து எதுவும் இருக்காது.

மகள் எனக்கு ஒரு மிதவைச் சட்டை வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டால் மூழ்க நினைத்தாலும் மூழ்க முடியாது. இது என் மூளைக்குத் தெரியும். காலுக்கும் கைக்கும் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு முதல்நாள் கரையிலேயே பழகினேன். ஒரு சின்ன அலை வந்து என்னைத் தூக்கிற்று. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்துக் கையையும் காலையும் அடித்து, முருகா முருகா என்று கூப்பாடு போட்டேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கையில் புத்தகத்தோடு நின்றிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு, என்னைப் பார்த்து எழுந்து நிற்கும்படி சைகை காட்டினார். நின்றேன். தண்ணீர் முட்டிக்குக் கீழே இருந்தது.

"அப்பா, அவங்க இதே தண்ணியிலதான் படிச்சுக்கிட்டே நடந்துக்கிட்டிருந்தாங்கப்பா" என்றாள் மகள், மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

என் மனைவி சிரிக்கவில்லை. தன் கண்ணாடியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் காலையில் படகில் போனோம். மகள் கரையிலேயே நின்றுகொண்டாள். படகுக்காரர் என்னைவிடப் பெரியவர், தோள் ஒவ்வொன்றும் பலாப்பழம். என் மனைவியைக் கையைப் பிடித்து ஏற்றும்போதே 'வா டார்லிங்' என்றார். நான் முறைத்தேன். என்னை ஏற்றும்போது 'வா மை லவ்' என்றார். சரி, ஊர் வழக்கம்போல என்று விட்டுவிட்டேன்.

ஆமைகள் மேயும் இடத்துக்கு வந்ததும் நங்கூரத்தைப் போட்டார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். ஜோடியாக இறங்க வேண்டும், ஜோடியாக ஏற வேண்டும். ஒருவர் ஏறிவிட்டால் மற்றவரும் ஏறிவிட வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

என் மனைவி சுடிதார் மாதிரி ஒரு முழுநீள நீச்சல் உடையில் இருந்தாள். படகின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கடலுக்குள் போனாள். ஒரு சுற்று நீந்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அத்தான், உப்புக் கரிச்சாலும் தண்ணி நல்லாருக்கு. வாங்க."

நான் ஏணிப்படியில் ஒவ்வொரு காலாய் இறங்கினேன். மிதவைச் சட்டை தூக்கிக்கொண்டது. குழாயைக் கவ்வினேன். முகத்தை விட்டேன். கண்ணுக்குக் கீழே தரை எங்கோ கிடந்தது. ஆற்றில் தரை காலுக்குக் கீழேயே இருக்கும். இங்கே அது இரண்டாம் மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோலத் தெரிந்தது. என் கை என்ன செய்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர். மூக்கில், கண்ணில், தொண்டையில் உப்பு. நான் எப்படி ஏணியில் ஏறினேன் என்று தெரியாது. படகுக்குள் கவிழ்ந்து கிடந்து இருமினேன்.

இருமல் நின்றபோது எட்டிப் பார்த்தேன். என் மனைவி நீந்தித் திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். நான் ஏறிவிட்டேன் அல்லவா, அவளும் ஏற வேண்டும். ஒரு காலை முதல்படியில் வைத்துவிட்டாள். கண்ணாடியில் வெயில் பட்டு அவள் கண் தெரியவில்லை.

கடையில், குழாயின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கிற ஃபுட்வால்வு ஒழுகுகிறது என்று கொண்டுவருவார்கள். பாதி நேரம் வால்வில் குற்றம் இருக்காது. யாரோ ஒருவர் அதைக் கையால் நோண்டிக்கொண்டே இருந்திருப்பார். அந்தக் கையைத் தள்ளி வைத்தால் போதும், வால்வு தானாக வேலை செய்யும். ஆற்றில் என் கையைத் துண்டால் கட்டினோம், அது அவிழ்ந்தது. துண்டுக்கு என் கையின் மேல் என்ன அக்கறை?

"ஏட்டி, ஏறாத" என்றேன். "இங்கன வா. எங் கையப் புடி."

"எதுக்கு?"

"புடி, சொல்லுதேன். வலது கைய. நான் என்ன இழு இழுத்தாலும் விட்டுராத. கெஞ்சினாலும் விடாத."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போக அழுகிற பிள்ளையைப் பிடிக்கிறதுபோல மணிக்கட்டோடு பிடித்தாள். நான் மறுபடி இறங்கினேன். முகத்தை விட்டதும் கை வழக்கம்போல மேலே ஏறப் பார்த்தது. அவள் கீழே இழுத்தாள். ஏறியது. இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தண்ணீரில் ஆடுவதைப் பார்த்து, படகுக்காரர் மேலேயிருந்து உற்சாகமாய் ஏதோ கேட்டார். 'ஹனிமூனா?' என்பதுமட்டும் எனக்குக் கேட்டது. என் மனைவி தலையைத் தூக்கி, "யெஸ், யெஸ்" என்றாள். என்ன கேட்டார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கை சண்டையை விட்டது. மூச்சு வந்து போகிற சத்தம் மட்டும் குழாய்க்குள் கேட்டது. அப்போதுதான் நான் கண்ணைத் திறந்தேன். அதுவரை மூடியிருந்தேன் என்பதே திறந்தபிறகுதான் தெரிந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். கீழே ஒரு ஊரே நடந்துகொண்டிருந்தது. நீலமும் மஞ்சளுமாய் மீன் கூட்டம் ஒன்று பள்ளி விட்டதுபோல ஒரே பக்கமாய்ப் போனது. பச்சை நிறத்தில் ஒரு தடித்த மீன் பாறையைக் கடித்துத் தின்றது. மெல்லுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. வெயில் தண்ணீருக்குள் கோடு கோடாய் இறங்கித் தரையில் வலை விரித்து ஆடியது. நான் 'ஏ யப்பா' என்றேன். குழாய் வழியாக அது எருமை கனைத்ததுபோல வெளியே போயிருக்கும்.

என் மணிக்கட்டை நெரித்தாள் மனைவி. திரும்பினேன்.

ஆமை.

வீடியோவில் தட்டளவுதான் இருந்தது. இது ஒரு கட்டைவண்டிச் சக்கரம். புல்லில் அமர்ந்து, அவசரமே இல்லாமல், ஒரு வாய் பறிப்பதும் மெல்லுவதுமாய் இருந்தது. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் விரித்து ஒரு வீசு வீசி, எங்களைப் பார்த்து மேலே வந்தது. நான் உறைந்துபோனேன். அது எங்களுக்குப் பக்கத்திலேயே தலையை வெளியே நீட்டி, புஸ்ஸென்று ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் கீழே இறங்கி அந்தப் பக்கமாய் நகர ஆரம்பித்தது.

என் மனைவி பின்னால் போகப் பார்த்தாள். காலை அடித்தாள். போக முடியவில்லை. தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போட்டதுபோல நான் மிதவைச் சட்டையோடு அவள் கையில் கிடந்தேன். அவள் இழுத்தாள், நான் கனத்தேன், ஆமை தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வழியாக இந்தத் தடவை கண் தெரிந்தது.

நான் கையை உருவிக்கொண்டேன். போ என்று காட்டினேன்.

அவள் தயங்கினாள். நான் வலது கையை மிதவைச் சட்டையின் வார்ப்பட்டைக்குள் நன்றாகச் செருகி, பார், பூட்டிவிட்டேன் என்று காட்டினேன். படகு பக்கத்தில்தான் இருந்தது, படகுக்காரர் எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை வெளியே தூக்கி ஒரு முழு மூச்சு வாங்கினாள். பிறகு உடம்பை மடித்து அப்படியே தலைகீழாய் உள்ளே போனாள்.

தனியாக விடப்பட்ட அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் மானம் போகும். கொஞ்சம் சொல்கிறேன். சுறா வந்தால் மிதவைச் சட்டையைத் தின்றுவிட்டு என்னைத் துப்புமா, அல்லது நேர்மாறாகவா? கடை ஷட்டரைச் சரியாக இறக்கினோமா? காலில் ஏதோ பட்டது. என் இன்னொரு கால். மச்சான் ஊரில் எனக்குச் செய்யும் காரியத்தில் அந்தத் துண்டுக் கதையைக் கட்டாயம் எல்லோருக்கும் சொல்வார். இத்தனையையும் நினைத்துக்கொண்டே நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே என் மனைவி ஆமைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். தொடவில்லை. ஒரு கை தூரம் விட்டு, அது போகிற வேகத்திலேயே போனாள். ஜடை அவிழ்ந்து பின்னால் மிதந்தது. வெயில் வலை அவள் முதுகிலும் ஆமையின் முதுகிலும் ஒன்றுபோல ஆடியது. வீட்டில் மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு 'எம்மா' என்கிறவள் இவள். இங்கே முட்டியும் இல்லை, வலியும் இல்லை. ஆமை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நான் பயப்படுவதை மறந்துவிட்டேன்.

மூச்சுக்கு மேலே வந்தாள். என்னைத் தேடினாள். இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் உள்ளே போனாள். அப்படிப் போயும் வந்தும் கொண்டிருந்தாள், படகுக்காரர் விசில் அடித்துக் கூப்பிடுகிற வரைக்கும்.

கரைக்கு வந்ததும் தலைகூடத் துவட்டவில்லை. மகளின் போனைப் பிடுங்கி, சேரன்மகாதேவியில் இருக்கும் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்ப உட்கார்ந்துவிட்டாள். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வரப்போகிற பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அண்ணே, பாத்துட்டேன். ஏ யப்பா, எம்புட்டுப் பெருசு! ஒரு வண்டிச் சக்கரம் இருக்கும். நம்ம ஆத்துல அக்கரைக்குப் போவோம்லா, அது கணக்கா மூச்சடக்கி உள்ள போனேன். மறக்கவே இல்லண்ணே, அப்பிடியே வருது. அது பாட்டுக்குப் போவுது, நானும் கூடவே போறேன். பைய திரும்பி என்னயப் பாக்குது. மூஞ்சி நம்ம பெரியத்தை மாதிரியே இருக்கு. வெத்தல போடுத மாதிரி வாய அசைச்சுக்கிட்டே..."

ஆமையின் கண்ணைச் சொன்னாள். ஓட்டில் இருந்த கோலத்தைச் சொன்னாள். புல்லைச் சொன்னாள். மீன் ஒவ்வொன்றின் கலரையும் சொன்னாள். படகுக்காரர் தன்னை ஏதோ கேட்டதையும் தான் இங்கிலீஷில் பதில் சொன்னதையும் சொன்னாள். நான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தேன். அவள் கையைக் காட்டி என்னை அமர்த்திவிட்டுத் தொடர்ந்தாள். நான் இன்னொரு தடவை கனைத்தேன், கொஞ்சம் பலமாக.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஈரத் துண்டும் உப்புப் பூத்த மூஞ்சியுமாய் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆங், அண்ணே" என்றாள் போனில், "ஒங்க மாப்ளயும் அங்கனதான் மிதந்துக்கிட்டு இருந்தாவ."